கடல் கடந்து வந்த சொத்துக் கடிதம்: அசலா, போலியா?

எங்கள் பெரியப்பாவுக்கு அந்தக் கடிதம் தபாலில்தான் வந்தது. நீளக் கவர், மலேசியத் தபால்தலை, உள்ளே ஒரே ஒரு தாள். மேலே தராசுப் படம், அதன் கீழே கோலாலம்பூர் முகவரி. எழுதியவர் தன்னை வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன் கட்சிக்காரர் ஒருவர், ‘நாச்சியப்பன்’ என்ற குடும்பப் பெயர் உடைய பொறியாளர், மனைவி மக்களோடு சாலை விபத்தில் இறந்துவிட்டார். வங்கியில் அவர் பெயரில் பெருந்தொகை கிடக்கிறது. வாரிசு யாரும் வராவிட்டால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும். அதே குடும்பப் பெயர் உடையவர் என்பதால் தங்களைத் தேடிப் பிடித்தேன். விஷயம் நமக்குள் இருக்கட்டும். இவ்வளவுதான் கடிதம்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டியபோது இரண்டு தவணை பணம் கட்டி முடித்திருந்தார். நோட்டரி முத்திரைக்கு 18,500 ரூபாய், ஏதோ சான்றிதழுக்கு 42,000 ரூபாய். மூன்றாவதாக ஒரு தொகை கேட்டபோதுதான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. “இது பொய்யின்னு எல்லாரும் சொல்வீங்க, தெரியும். ஆனா எங்கப்பா பேரு அவனுக்கு எப்படிடா தெரிஞ்சுது?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு புரிந்தது. மோசடியை அங்கேயே காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய இடம் அந்தப் பெயர்தான்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இன்ஷியல் ஆகிறது. பாஸ்போர்ட்டிலோ வங்கிப் படிவத்திலோ ‘கடைசிப் பெயர்’ என்று கேட்டால் அப்பா பெயரையே முழுதாக எழுதிவிடுகிறோம். வெளியூர்க்காரன் கண்ணுக்கு அது பரம்பரைப் பெயராகத் தெரியும். தொலைபேசிப் புத்தகத்திலோ கசிந்துபோன ஏதாவது ஒரு பட்டியலிலோ ‘நாச்சியப்பன்’ என்று இருப்பதைப் பார்க்கிறான். இறந்துபோன ஒரு பொறியாளருக்கும் அதே பெயரைச் சூட்டி எழுதுகிறான். வடக்கே ஒரு அகர்வாலுக்கோ இங்கிலாந்தில் ஒரு ஸ்மித்துக்கோ அனுப்பும் அதே கடிதம்தான் இது.

இப்போது எங்கள் குடும்பக் கணக்கைப் பாருங்கள். பெரியப்பாவின் அப்பா நாச்சியப்பன். அவருடைய தம்பிதான் மலாயாவுக்குப் போனவர். அந்தத் தம்பியின் பெயருக்குப் பின்னால் வரக்கூடியது அவர்கள் இருவரின் அப்பா பெயர், அதாவது பெரியப்பாவின் தாத்தா பெயர். அந்தத் தம்பிக்கு ஒரு மகன் பிறந்திருந்தால், மலேசிய அடையாள அட்டையில் அவன் ‘இன்னாரின் மகன்’ என்று தன் அப்பா பெயரோடுதான் பதிவாகியிருப்பான். அந்தத் தம்பிக்கோ அவர் மகனுக்கோ ‘நாச்சியப்பன்’ கடைசிப் பெயராக வராது. உறவுக்கு ஆதாரமாகக் கடிதம் எதைக் காட்டியதோ, அதுவே உறவு இல்லை என்பதற்கு ஆதாரம். தமிழர் ஒருவருக்கு ‘உங்கள் குடும்பப் பெயர் ஒத்துப்போகிறது’ என்று எழுதுகிறவருக்கு அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

ஆனால் பெரியப்பா ஏமாளி அல்ல. ஊரில் நிலப் பத்திரம் எழுத வேண்டுமானால் அவரிடம் காட்டிவிட்டுத்தான் எழுதுவார்கள். கடிதம் போய் விழுந்த இடம் வேறு. அவருடைய சித்தப்பா 1937இல் ஈப்போவுக்குப் போனவர். அடுத்த ஆண்டே, 1938இல், கூலி வேலைக்கு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் வந்து இறங்கினார்கள். அதோடு கடிதம் நின்றுபோனது. சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவரா, அல்லது அங்கேயே குடும்பம் நடத்தி வயதாகிப் போனாரா, யாருக்கும் தெரியாது. இப்படி மலாயாவிலோ பர்மாவிலோ தொலைந்துபோன ஒருவர் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் உண்டு. அந்த வீட்டுக்கு ‘உங்கள் உறவினர் ஒருவர்’ என்று கடிதம் வந்தால் அது வெறும் பண ஆசையைத் தொடுவதில்லை. ‘அட, வெளிநாட்டில் நமக்கு யார் இருக்கிறார்கள்’ என்று தூக்கிப்போட முடிகிறவர்களுக்கும் பெரியப்பாவுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இந்த மோசடியை உலகம் ‘419’ என்ற எண்ணால் அழைக்கிறது. பொய்க் காரணம் சொல்லிப் பொருளைப் பறிப்பதைக் குற்றமாக்கும் நைஜீரியக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண் அது. ஆனால் தந்திரம் நைஜீரியாவில் பிறந்ததல்ல, மின்னஞ்சலோடு வந்ததும் அல்ல. கடலோடி பிரான்சிஸ் டிரேக் 1596இல் பிள்ளை இல்லாமல் இறந்தவர். அவருடைய சொத்து இங்கிலாந்தில் முடங்கிக் கிடக்கிறது, மீட்கும் வழக்குக்குப் பணம் போடுகிறவர்களுக்குப் பங்கு உண்டு என்று சொல்லி ஆஸ்கர் ஹார்ட்செல் என்ற அமெரிக்கர் 1919 வாக்கில் தொடங்கி, அயோவா முதலான மாநிலங்களில் பல்லாயிரம் பேரிடம் பணம் வாங்கினார். அந்தப் பணத்தில் லண்டனில் சொகுசாக வாழ்ந்தார். டிரேக் செத்து 300 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதே என்பது யாருக்கும் உறைக்கவில்லை. வெளியே பேசக்கூடாது, பேசினால் பங்கு போய்விடும் என்று அவர் வாய்ப்பூட்டு போட்டிருந்தார். 1933இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. அவர் கைதான பிறகும் பணம் போட்டவர்களில் பலர் அவரை நம்பினார்கள். அவருடைய வழக்குச் செலவுக்கும் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். ஒருமுறை பணம் கட்டிவிட்டால், கட்டியது வீண் என்று ஒப்புக்கொள்வதைவிட இன்னொருமுறை கட்டுவது மனத்துக்குச் சுலபமாக இருக்கிறது. பெரியப்பாவின் இரண்டாவது தவணையும் அப்படிக் கட்டியதுதான்.

மோசடி நடக்கும் முறை கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதல் கடிதத்தில் பணம் கேட்கமாட்டார்கள். பெயர், வயது, தொழில், தொலைபேசி எண் மட்டும் கேட்பார்கள். பதில் போட்டதும் இறப்புச் சான்றிதழ் வரும், வங்கி எழுதியதுபோல் ஒரு கடிதம் வரும். இப்போதெல்லாம் உங்கள் பெயரில் கோடிக்கணக்கில் இருப்பு காட்டும் பொய்யான வங்கி இணையதளமும், நுழையப் பாஸ்வேர்டும்கூட வரும். சாவு உண்மை என்று காட்ட நிஜ விபத்துகளையே எடுத்துக்கொள்வதும் உண்டு. 2000 ஜூலையில் பாரிஸ் அருகே விழுந்த கான்கார்ட் விமானத்தை வைத்து இப்படி எத்தனையோ கடிதங்கள் எழுதப்பட்டன, செய்தி நிறுவனத்தின் உண்மையான இணைப்போடு. இணைப்பைத் திறந்தால் செய்தி இருக்கும், விபத்தும் நடந்ததுதான். செத்தவருக்கும் உங்களுக்கும் ஒட்டு உறவு இல்லை என்பதை மட்டும் அந்தச் செய்தி சொல்லாது.

அதன் பிறகுதான் கட்டணங்கள். நோட்டரி, வரி, கறுப்புப் பணம் அல்ல என்று சான்றிதழ், பணத்தை விடுவிக்க ‘கோடு’ என்ற ரகசிய எண், டெல்லி விமான நிலையத்தில் சுங்கம். ஒவ்வொன்றும் ‘இதுதான் கடைசி’. பெரியப்பா கட்டிய ரசீதுகளை வாங்கிப் பார்த்தேன். கோலாலம்பூர் வழக்கறிஞருக்கு என்று சொல்லப்பட்ட பணம் போய்ச் சேர்ந்தது வேறொரு மாநிலத்தில், ஒரு கிளையில், யாரோ ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கு. இரண்டாவது ரசீதில் ஆளும் மாறியிருந்தார், மாநிலமும் மாறியிருந்தது. கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விடுகிறவர்கள் இவர்கள். வக்கீல் அலுவலகமோ வங்கியோ கட்டணத்தைத் தனி ஆளின் கணக்கில் போடச் சொல்லாது. கடிதத்தில் உள்ள அத்தனையையும் விட்டுவிட்டு அந்த ஒரு சீட்டை மட்டும் பார்த்திருந்தாலும் போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘ஆங்கிலத்தில் தப்பு இருந்தால் போலி’ என்று பலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது உதவாத அளவுகோல். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012இல் எழுதியது நினைவுக்கு வருகிறது: பார்த்தாலே போலி என்று தெரியும் கடிதம் மோசடிக்காரனுக்கு லாபம், ஏனென்றால் சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிவிட, கடைசிவரை வரக்கூடியவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். இப்போது அதுவும் மாறிவருகிறது. கணினியே பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கிறது, தமிழிலும். மறுபக்கம், மலேசியாவிலோ இலங்கையிலோ ஒரு சிறிய வக்கீல் அலுவலகத்தின் குமாஸ்தா தட்டச்சு செய்த அசல் கடிதத்தில் நாலு பிழை இருக்கலாம். மொழியை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

அசல் கடிதம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நினைப்பதும் தவறு. அப்படி நினைத்து நல்ல கடிதத்தைக் குப்பையில் போட்டவர்களும் இருப்பார்கள். உயில் எழுதாமல், நெருங்கிய உறவு தெரியாமல் எல்லா நாட்டிலும் ஆட்கள் இறக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிப்பட்டவர்களின் சொத்து அரசுக்குப் போகும்; அவர்களுடைய பெயர்ப் பட்டியலை அரசின் சட்டத்துறை பல ஆண்டுகளாக வெளியிட்டு வந்திருக்கிறது. சொத்தை அரசு நிர்வாகம் செய்து முடித்து 12 ஆண்டுக்குள் உறவினர் வந்து நிரூபித்தால் வட்டியோடு திரும்பக் கிடைக்கும். அதன் பிறகும், இறந்து 30 ஆண்டு ஆகும்வரை, வட்டியில்லாமல் கேட்க வழி உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்து உறவினர்களைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு. சிங்கப்பூரில், மத்திய சேமநிதியில் பணம் வைத்துவிட்டு யாரையும் நியமிக்காமல் இறந்துபோனால், அந்தப் பணத்தைப் பொது அறங்காவலர் அலுவலகம்தான் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அங்கேயிருந்து தமிழ்நாட்டு விலாசத்துக்குக் கடிதம் வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

வாரிசு தேடும் நிறுவனங்களின் கடிதம் நம்மைக் குழப்பும். இறந்தவர் யார் என்று முதலில் சொல்லமாட்டார்கள். சொல்லிவிட்டால் நீங்களே நேரே போய்க் கேட்டுக்கொள்வீர்கள், அவர்களுக்குப் பங்கு கிடைக்காது. இத்தனை சதவீதம் தருகிறேன் என்று கையெழுத்துக் கேட்பார்கள். பார்க்க மோசடிபோல் இருக்கும், ஆனால் மோசடி அல்ல. வித்தியாசம் ஒன்றே: அவர்கள் கூலி சொத்து கைக்கு வந்த பிறகு, சொத்திலிருந்து. முன்பணம் கேட்கமாட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் சொந்தமாக ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ள, சதவீதத்தைக் குறைத்துப் பேச, உங்களுக்கு உரிமை உண்டு. ‘நாளைக்குள் போடு’ என்று அவசரப்படுத்துகிறவர்கள் அசல் நிறுவனமாகவே இருந்தாலும் ஒதுங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

அசல் வக்கீலும் உங்களிடம் நிறையக் கேட்பார். பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ். கடைசியில் வங்கிக் கணக்கு எண்ணும் கேட்பார், பணம் அனுப்ப வேண்டுமே. ஆகவே ‘ஆவணம் கேட்டாலே போலி’ என்பதும் சரியல்ல. அசலில் கேள்விகள் உறவைப் பற்றியவை: உங்கள் தாத்தா யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், யார் எப்போது இறந்தார்கள். குடும்ப மரம் வரைந்து அனுப்பச் சொல்லித் துளைத்து எடுப்பார்கள், சலிப்பு வந்துவிடும். போலியில் அந்தச் சலிப்பே இருக்காது. பெரியப்பாவிடம் அந்த ‘வழக்கறிஞர்’ ஒருமுறைகூட அவருடைய சித்தப்பா பெயரைக் கேட்கவில்லை. உறவை நிரூபிக்கும் வேலை அவருக்கு இல்லை. பெரியப்பா வாரிசாக ‘நின்றால்’ போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். உறவே இல்லாதவரை வாரிசாக நிற்கச் சொல்வது ஒரு குற்றத்துக்குக் கூட்டுச் சேர்ப்பது. இதற்குச் சம்மதித்த பிறகு போலீசுக்குப் போகவும் ஆளுக்குப் பயம் வந்துவிடுகிறது. அது தற்செயலாக அமைவதில்லை, அதற்காகவே அப்படி எழுதுகிறார்கள்.

சரிபார்ப்பது எப்படி? கடிதத்துக்குள் இருக்கும் எதையும் கொண்டு கடிதத்தைச் சரிபார்க்க முடியாது. அதிலுள்ள எண்ணைக் கூப்பிட்டால் எடுப்பவன் அவனே. அதிலுள்ள இணையதளமும் அவன் கட்டியது. வேறு வாசல் வழியாகப் போக வேண்டும். இங்கிலாந்து வழக்கறிஞர் என்றால் அங்கே அவர்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். மலேசியா என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் தேடுபக்கத்தில். பெயர் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரைத் திருடி, எண்ணை மட்டும் மாற்றிப் போடுவது வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்து ஆணையம் அப்படித் திருடப்படும் பெயர்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்கு நீங்களாகக் கூப்பிட்டு, ‘இந்தத் தேதியில் இந்த எண்ணிட்ட கடிதம் நீங்கள் அனுப்பியதா’ என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை.

உயில் இருக்கிறது என்று கடிதம் சொன்னால் இன்னும் சுலபம். உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் உத்தரவை நம் ஊர் வக்கீல்கள் ‘ப்ரொபேட்’ என்பார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 1858 முதல் தரப்பட்ட ப்ரொபேட்டுகளின் அட்டவணையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சிறு கட்டணம் கட்டி உயிலின் நகலையே வாங்கலாம். ‘உயில் இருக்கிறது, ப்ரொபேட்டும் வாங்கியாயிற்று, ஆனால் ரகசியம்’ என்று யாராவது சொன்னால் அது ஒன்றோடொன்று ஒட்டாத பேச்சு.

வரி என்று பயமுறுத்துவதுதான் பெரும்பாலும் கடைசி ஆயுதம். சிங்கப்பூர் 2008 பிப்ரவரி 15 முதல் இறந்தவர் சொத்துவரியை எடுத்துவிட்டது. மலேசியா 1991 நவம்பரிலேயே எடுத்துவிட்டது. இந்தியாவில் 1985இல் போனது. உயில் மூலமாகவோ வாரிசு முறையிலோ வரும் பணம் இங்கே வருமான வரிக்கும் உட்பட்டதல்ல. இங்கிலாந்தில் வரி இருக்கிறது, வழக்கமான வரம்பான 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம். ஆனால் அதை இறந்தவரின் சொத்திலிருந்து, சொத்தை நிர்வகிப்பவர் கட்டுவார். சிவகங்கையில் இருக்கும் அண்ணன் மகன் முன்கூட்டிக் கட்ட வேண்டிய வரி என்று ஒன்று இந்த நான்கு நாட்டிலும் கிடையாது. ‘சொத்தில் அவ்வளவு பணம் இருந்தால் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அசல் வக்கீலுக்கு அது வழக்கமான நடைமுறை. மற்றவரிடமிருந்து கோபமோ புதிய சட்டமோ வரும்.

ரிசர்வ் வங்கியின் பெயரை இழுப்பதும் உண்டு. உங்கள் பணம் அங்கே வந்து நிற்கிறது, விடுவிக்க இத்தனை ஆயிரம் கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கி தனிநபர் பெயரில் பணம் வாங்கி வைப்பதில்லை. இப்படிப்பட்ட கற்பனைச் சலுகைகளுக்குப் பணம் அனுப்புவதைப் பற்றி 2010 மே மாதமே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நிஜமாகப் பணம் வந்தால் உங்கள் வங்கிக் கிளைக்கு நேராக வரும், எதற்காக வந்தது என்று கிளை கேட்கும், காகிதத்தைக் காட்டினால் வரவு வைக்கும்.

நம் ஊரிலேயே உரிமை கோராமல் கிடக்கும் பணத்தைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்ற தளத்தைத் தொடங்கியது. 10 ஆண்டு யாரும் தொடாத வைப்புத்தொகைகளை, இறந்தவரின் பெயரும் பான் எண்ணோ வாக்காளர் அட்டை எண்ணோ போட்டு இலவசமாகத் தேடலாம். கடல் தாண்டி வரும் கடிதத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் கால்வாசியை அதற்குச் செலவழித்தால், அப்பாவோ அம்மாவோ சொல்லாமல் போட்டுவைத்த வைப்புத்தொகை எங்காவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

பணம் கட்டியாகிவிட்டது என்றால் மணிக்கணக்கு முக்கியம். சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் கைமாறுவதற்குள் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. பெரியப்பா காலத்தில் அந்த எண் இல்லை. ரசீதுகளோடு காவல் நிலையம் போகலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மறுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து, ‘உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், திருப்பித் தர ஒரு சிறு கட்டணம்’ என்று இன்னொரு கடிதம் வந்தது, இந்த முறை ஏதோ சர்வதேசப் போலீஸ் பெயரில். ஏமாந்தவர்களின் பட்டியலையே ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள். அந்த இரண்டாவது கடிதத்தை அவரே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெயர்க் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டினேன். தாத்தா பெயர், அப்பா பெயர், சித்தப்பா பெயர் என்று பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, சித்தப்பாவின் கிளையில் நாச்சியப்பன் கடைசியில் வரவில்லை என்பதைக் காட்டினேன். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பணத்துக்கு இல்லடா. சித்தப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்” என்றார். அந்தத் தாளை மடித்து, 1941இல் ஈப்போவிலிருந்து வந்த கடைசிக் கடிதம் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.